பின்னறையில் நூற்று முப்பது

பிப்ரவரி 11

அன்புள்ள கோடுக்காரிக்கு,

வந்து சேர்ந்தேன். வழியில் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே. ஒரு மாத விடுப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. பெட்டியைத் திறந்தால் நீ மடித்து வைத்த சட்டைகள் அப்படியே இருக்கின்றன. கலைக்க மனமில்லாமல் அழுக்குச் சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அறையில் கூட இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

இத்துடன் வரும் பொட்டலத்தைப் பார்த்துப் பிரி. உள்ளே இருப்பது லைட் மீட்டர், வெளிச்சத்தை அளக்கிற கருவி. நடைபாதைக் கடையில் வாங்கியது. மலிவுச் சரக்கு என்று பார்த்தாலே தெரியும், மூடி சரியாக மூடாது. உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே பெரிய பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளைக் கண். கீழே ஒரு முள். கண்ணில் விழுகிற வெளிச்சம் எத்தனை லக்ஸ் என்று முள் காட்டும். எங்கள் பல்பு கம்பெனிச் சோதனை அறையில் இருக்கிற பெரிய மீட்டரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இது கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறது. ஆனால் எப்போதும் ஒரே அளவு குறைத்துச் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களை நம்பலாம். உனக்கு எவ்வளவு வலித்தாலும் "கொஞ்சம்" என்பாயே, அது மாதிரி.

அலுவலகத்தில் பொறியாளர்களின் படங்களை நாள் முழுக்கப் படியெடுப்பது போதாதென்று வீட்டுக்கும் சுருட்டிக்கொண்டு வருகிறாய். முடி மொத்தத்தில் கோடு போடுகிற கண் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மேஜைமேல் மீட்டரைப் படுக்கவைத்து முள் என்ன சொல்கிறது என்று எழுது. சாய்த்துப் பிடிக்காதே. குனிந்து பார்க்கிறபோது உன் தலை நிழல் விழக் கூடாது.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் அளவுக்காரன்

மார்ச் 2

அன்புள்ள அளவுக்காரருக்கு,

நானும் அக்காவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சளி விட்டதா? சட்டையை மாற்றுங்கள். அடுத்த விடுப்பில் வேறு மடித்துத் தருகிறேன்.

மற்ற பெண்களுக்குப் புருஷன் புடவை அனுப்புகிறான், எனக்கு முள் வந்திருக்கிறது. அக்கா தபால் ஆபீசில் தன் கையாலேயே முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். "உன் தம்பி அனுப்பிச்சது என்னன்னு சொல்லு பாப்போம்" என்றேன். "அவன் வேற என்ன அனுப்புவான், எதையாவது அளக்கறதத்தான் அனுப்புவான்" என்றாள். நீங்கள் சின்ன வயதில் அவள் பின்னலை ஸ்கேல் வைத்து அளந்த கதையை மறுபடியும் சொன்னாள்.

மாடி அறை, ஜன்னலோர மேஜை, ஞாயிறு மத்தியானம்: 640. தலை நிழல் விழவில்லை. ஆசை விடாமல் இன்னும் சில இடங்களிலும் அளந்தேன். படிக்கட்டின் நடுவில் முள் அசையவே இல்லை. நீங்கள் படுக்கிற பக்கம் 90. அங்கே வெளிச்சம் குறைவு என்று எனக்கு முன்பே தெரியும். அதற்கு மீட்டர் தேவைப்படவில்லை.

உங்கள் கோடு

மார்ச் 20

அன்புள்ள கோடுக்காரிக்கு,

சளி விட்டது. சட்டையும் மாற்றிவிட்டேன். 640 நல்ல எண். ஐந்நூறுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். மாதம் ஒரு முறை அளந்து எழுது. ஜன்னலுக்கு எதிரே எவனாவது வீடு கட்டினால் எனக்குத் தெரியவேண்டும்.

எண்ணுக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைக்காதே. நீ குனிந்து அந்த முள்ளைப் பார்க்கிற அந்த நிமிஷம் எனக்கு வேண்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தூங்குகிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இப்போது பார்க்கிறாள், இப்போது பார்க்கிறாள் என்று உட்கார்ந்திருப்பேன்.

உன் அளவுக்காரன்

ஏப்ரல் 25

அன்புள்ளவருக்கு,

நலம். நீங்களும் நலம்தானே. எழுதத் தாமதம், அலுவலகத்தில் வேலை அதிகம். அக்காவும் நலம்.

மேஜைமேல், ஞாயிறு மத்தியானம்: 130.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் கோடு

மே 9

அன்புள்ள கோடுக்காரிக்கு,

இந்தக் கடிதம் ஒரு பக்கமும் ஆகவில்லையே, உடம்பு சரியில்லையா? நலம் என்று மூன்று முறை எழுதியிருக்கிறாய். நீ ஒரு முறைக்கு மேல் எழுதினால் நான் நம்புவதில்லை.

640 எங்கே, 130 எங்கே. வானம் மூடியிருந்தாலும் இவ்வளவு இறங்காது. மீட்டர் கெட்டுவிட்டது. தபாலில் அடிபட்டு இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது போல. மலிவாக வாங்கினால் இப்படித்தான். ஆனாலும் சும்மா தூக்கிப்போட வேண்டாம், மூன்று சோதனை செய்.

முதலாவது, கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடு. முள் பூஜ்யத்துக்கு வரவேண்டும். வராமல் நடுவில் நின்றால் முள் சிக்கியிருக்கிறது. இரண்டாவது, அறையை இருட்டாக்கி ஒரே ஒரு பல்பைப் போடு. பல்புக்கு நேரே ஒரு முழத்தில் மீட்டரை வைத்து அளந்துவிட்டு, இரண்டு முழத்தில் வை. பாதியாகக் கூடாது, கால்வாசியாக வேண்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்று, அதை எந்தப் பல்பும் மீறாது. மூன்றாவது, தெருமுனை போட்டோக்காரரிடம் ஒரு நல்ல மீட்டர் இருக்கும். அதன் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்.

இதில் ஏதாவது ஒன்றில் தோற்றால் வேறு வாங்கி அனுப்புகிறேன். கண்ணைப் பார்த்துக்கொள்.

உன் அளவுக்காரன்

ஜூன் 8

அன்புள்ள அளவுக்காரருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி. வெயில் காலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தபாலில் அடிபட்டிருக்கும் என்று நீங்கள் எழுதியதை அக்கா படித்துவிட்டாள். இரண்டு நாள் உங்கள் பேச்சையே எடுக்கவில்லை. "நாங்க முட்டையக்கூட ஒடையாம கொண்டுபோய்ச் சேக்கறோம், அவனோட மீட்டரா ஒடஞ்சிடும்?" என்று மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள். அதனால் சோதனை முழுக்க அவள் மேற்பார்வையில் நடந்தது. தபால் ஆபீசின் மானம் அல்லவா.

கையால் மூடினேன், முள் சாதுவாகப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது. கையை எடுத்ததும் எழுந்துகொண்டது. அக்காவும் ஒரு முறை மூடிப் பார்த்தாள், அவளுக்கும் கட்டுப்பட்டது. அடுத்தது பல்பு. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சுவர் விளக்கைப் போட்டோம். ஒரு முழத்தில் 200, இரண்டு முழத்தில் 50. யார் முழம் என்று எங்களுக்குள் சண்டை வந்தது. அக்கா கை நீளம். கடைசியில் இரண்டுக்கும் அவள் முழத்தையே வைத்துக்கொண்டோம்.

போட்டோக்காரர் கதையைக் கேளுங்கள். மீட்டரைக் கையில் வாங்கி, "எங்கம்மா வாங்கினீங்க, பொம்மக் கடையிலயா?" என்றார். நான் கேட்காமலே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். அவருடைய மீட்டரில் லக்ஸ் கணக்கு இல்லையாம், படிக் கணக்காம். "என்னுது ஒரு படி எறங்கினா வெளிச்சம் பாதின்னு அர்த்தம். உங்களுதும் பாதியாகுதான்னு பாப்போம்" என்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே நடந்தார். அவருடையது ஒரு படி இறங்கியபோது நம்முடையது 800லிருந்து 400. இன்னொரு படி, 200. மூன்றாவது படி, 100. அவருக்கே முகம் மாறிவிட்டது. "பொம்ம இல்லம்மா. என்னுதோட ஒண்ணா நடக்குது" என்றார். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

ஆக, மூன்றிலும் தேறிவிட்டது. மேஜைமேல் இந்த மாதமும் 130.

உங்கள் கோடு

ஜூலை 1

அன்புள்ள கோடுவுக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கப் பயமாக இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மீட்டர் சரி. தபால் ஆபீசின்மேலும் குற்றமில்லை, அக்காவிடம் சொல். உன் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். சுவர் விளக்கு என்று எழுதியிருக்கிறாய். மாடி அறையில் சுவர் விளக்கு கிடையாது. பல்பு உத்தரத்திலிருந்து தொங்குகிறது. நம் வீட்டில் சுவர் விளக்கு இருப்பது கீழே, அக்கா வீட்டுப் பின்னறையில். வெளிச்சம் குறையவில்லை. மேஜைதான் இறங்கிவிட்டது.

அந்தப் பின்னறையில் நீ இதற்கு முன் இரண்டு முறை இருந்திருக்கிறாய். இரண்டு முறையும் டாக்டரம்மா மாடிப்படி ஏறக் கூடாது என்று சொன்னதால். இரண்டு முறையும் எனக்கு ஒரு சந்தோஷக் கடிதம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, "மாடிக்கே திரும்பிவிட்டேன்" என்று ஒற்றை வரியில் இன்னொரு கடிதமும் வந்தது. மூன்றாம் முறை அந்த ஒற்றை வரியை எழுத உனக்குத் தெம்பில்லை. அதனால் சந்தோஷக் கடிதத்தையும் எழுதவில்லை. யாரும் கேட்காமல் போட்டோக்காரர் எதற்கு ஸ்டூல் போட்டார் என்பதும் இப்போது புரிகிறது.

நான் எதையும் கேட்கவில்லை. நீயும் இதற்குப் பதில் எழுதாதே. மாதம் ஒரு எண் மட்டும் அனுப்பு. 130 என்று வருகிறவரை நீ பின்னறையில் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன், எனக்கு அது போதும். ஐந்நூறுக்குக் கீழே போகாதே என்று சொன்னவன் இப்போது ஏறாதே ஏறாதே என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்கு ஒரு மேஜை விளக்கு வாங்கி வைத்துக்கொள். அளக்கும்போது மட்டும் அதை அணைத்துவிடு.

லீவு கேட்டேன். "இப்பத்தான போயிட்டு வந்தே" என்று மேலாளர் சிரித்தார். மார்ச்சுக்கு முன் விடமாட்டார்கள். உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வேறென்ன எழுதுவது.

உன் அளவுக்காரன்

ஆகஸ்ட் 4

என் அளவுக்காரருக்கு,

பின்னறை, மத்தியானம்: 130.

கேட்காததற்கு நன்றி. ஏப்ரலில் அந்த எண்ணை எழுத உட்கார்ந்தபோது, 640 என்றே போட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன். யார் வந்து பார்க்கப்போகிறார்கள். ஆனால் கை வரவில்லை. படத்தில் இருக்கிற கோட்டை இருக்கிற இடத்தில்தானே போட்டுப் பழக்கம். யோசித்துப் பார்த்தால், நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஏங்கியும் இருந்திருப்பேன். வாயைத் திறந்து சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த முள் எனக்காகச் சொல்லிவிட்டது.

மேஜை விளக்கு வாங்கியாகிவிட்டது. இதற்குமேல் எழுதமாட்டேன்.

உங்கள் கோடு

செப்டம்பர் 6

தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆசீர்வாதம்.

அவள் படுத்திருக்கிறாள், எழுத முடியாது. மீட்டரைப் பார்த்து எண்ணை உனக்கு எழுதச் சொன்னாள். பார்த்தேன். 420. மற்றதை அவள் எழுதுவாள். கவுண்டரில் கூட்டம் நிற்கிறது.

அக்கா

செப்டம்பர் 17

அன்புள்ள கோடுவுக்கு,

அக்காவின் கடிதம் வந்தது. 420.

வானம் மூடின நாளில் மாடி ஜன்னலோரம் 420 காட்டும். இந்த மாதத்தில் வானம் மூடித்தான் இருக்கும். தந்தி கொடுத்துக் கேட்கலாம் என்று போனேன். படிவத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று திரும்பி வந்துவிட்டேன்.

அந்த மீட்டரைப் பெரிய மீட்டரின் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தவன் நான். மூன்று சோதனையிலும் தேறியபோது எனக்கும் பெருமைதான். இன்றைக்கு அது பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். முள் சிக்கியிருக்கட்டும். கீழே விழுந்து உடைந்திருக்கட்டும். அக்கா தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கட்டும்.

நீ எந்த அறையில் இருந்தாலும் சரி. மாடியில் இருந்தால் அந்த ஒற்றை வரியைக்கூட எழுதாதே. நீ இருந்தால் போதும், நான் மார்ச்சில் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. இதை நான் முதல் முறையே எழுதியிருக்க வேண்டும்.

உன் அளவுக்காரன்

தந்தி, செப்டம்பர் 28

பின்னறை 130. விளக்கு அக்கா வேலை. கடிதம் பின்னால்.

செப்டம்பர் 28

என் அளவுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் அக்கா செருப்புக்கூடப் போடாமல் தந்தி கொடுக்க ஓடினாள். தபால் ஆபீசில் இத்தனை வருஷத்தில் அவள் வரிசையை மீறியது இன்றுதான்.

நடந்தது இதுதான். கால் வீங்கியிருக்கிறது, எழுந்து உட்காராதே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அளந்து எழுது என்று அக்காவிடம் சொன்னேன். விளக்கை அணைக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவள் மீட்டரை மேஜை விளக்குக்கு நேர் கீழே தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஏன் அப்படிச் செய்தாய் என்றேன். "நூத்தி முப்பதுன்னா பெயில் மார்க் மாதிரி இருக்கு. அங்க தனியா கெடக்கான், நல்ல நம்பரா பாத்து சந்தோஷப்படட்டுமேன்னுதான்" என்றாள். இப்போது மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். சமாதானப்படுத்தி எழுதுங்கள்.

மீட்டர் அப்போதும் பொய் சொல்லவில்லை பாருங்கள். விளக்கின் கீழே 420தான்.

இனி ஒளித்து ஆகப்போவது என்ன. நன்றாக உதைக்கிறது. ராத்திரியில் நான் உங்கள் பக்கம் திரும்பிப் படுத்தால் அதிகமாக உதைக்கிறது. பின்னறைக் கட்டிலில் ஏது உங்கள் பக்கம் என்று கேட்பீர்கள். சுவர்ப் பக்கத்தை உங்களுக்கென்று விட்டு வைத்திருக்கிறேன். கடைசி வாரங்கள் பயமாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் கொஞ்சம் குறையும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் முறையே எழுதியிருக்க வேண்டும் என்றீர்களே, அந்த வரியை இப்போதும் எழுதலாம்தான். பல முறை படித்துவிட்டேன்.

உங்கள் கோடு

ஜனவரி 24

என் அளவுக்காரருக்கு,

இருவரும் சௌக்கியம். அக்டோபரில் அக்கா அடித்த தந்தியை இன்னமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்களாமே. கிழியப்போகிறது, எடுத்துப் பெட்டியில் வையுங்கள். உங்கள் மகளின் உயரத்தை ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பதையும் நிறுத்துங்கள். அவள் காலை நீட்டினால்தானே அளப்பேன்.

நேற்று டாக்டரம்மா மாடி ஏறலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா மேஜையைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் போட்டாள். யாரையும் கிட்டே விடவில்லை. உங்கள் பக்கத்துப் போர்வையை உதறி விரித்திருக்கிறேன்.

இன்றைக்கு ஞாயிறு. மத்தியானம் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். மீட்டரை மேஜைமேல் படுக்கவைத்தேன், சாய்க்கவில்லை, என் தலை நிழலும் விழவில்லை. 640 என்று எழுதப் பேனாவை எடுப்பதற்குள் முள் சரசரவென்று இறங்கி 40ல் நின்றுவிட்டது. இன்னும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது.

மாடி அறை, ஜன்னலோர மேஜை: 40. மீட்டரில் பழுது ஒன்றும் இல்லை. கண்ணைக் கையால் மூடினால் பூஜ்யத்துக்கு வரவேண்டும் என்றீர்கள். முழுக்க மூடும் அளவுக்கு இந்தக் கை இன்னும் வளரவில்லை. மார்ச்சில் வந்து நீங்களே அளந்து பாருங்கள்.

உங்கள் கோடு